இடது பக்கம் இழுக்கும் வண்டி

பருத்திப்பட்டு
19–6–38

சிரஞ்சீவி தம்பி வீரராகவனுக்கு,

அக்காள் நாகம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் நலமாகவே இருக்கிறேன். தங்கவயலில் நீயும் ராணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? உனக்கு இருமல் நின்றதா?

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரமாகிறது. அதற்குள் இரண்டு நாள் மணி அடித்த பிறகு போய்ச் சேர்ந்தேன். ஒரு மாதத்தில் மூன்று நாள் தாமதமானால் மேலே எழுதிப்போடுவேன் என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார்கள். எழுதிப்போட்டால் என் வேலை அவ்வளவுதான். அவர்கள்மேல் தப்பில்லை. மூன்றாம் வகுப்பில் முப்பத்தாறு பெண்கள் வாத்தியார் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் கூரை பறக்கும்.

உன் மாமா இருந்தவரை ஜோடி மாட்டு வண்டியில் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் கூட்டிவருவார். அவர் போய் இரண்டு வருஷமாக, போக நாலு மைல், வர நாலு மைல், நடைதான். நடக்கத் தெரியாமல் இல்லை. மழைச் சேற்றில் புடவை பாழாகிறது, அதுதான் கஷ்டம். முழங்கால் கொஞ்சம் பிடிக்கிறது, அது ஒன்றும் பெரிதில்லை.

விஷயம் என்னவென்றால், பூந்தமல்லியில் நெல் மண்டி வைத்திருக்கும் ஜம்புலிங்க முதலியார் மோட்டார் வாங்கிவிட்டார். அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக என்று செய்த சின்ன வில்வண்டி கொட்டகையில் சும்மா கிடக்கிறது. ஒற்றை மாடு பூட்டுவது. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், மூன்றாவது ஆள் என்றால் மடியில்தான். "தை வரைக்கும் ஓட்டிப் பாரு டீச்சரம்மா, புடிச்சா வச்சிக்கோ, புடிக்கலன்னா கொண்ணாந்து வுட்டுடு" என்கிறார். விலையும் எனக்கு எட்டும்.

நம்முடைய மயிலைக் காளை போன ஐப்பசியில் கோமாரியில் போனது உனக்குத் தெரியும். செவலை மட்டும் எட்டு மாதமாகத் தின்றுவிட்டு நிற்கிறது. விற்றுவிடு என்று ஊரே சொல்கிறது. எனக்கு மனசு வரவில்லை. அதைப் பூட்டிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். நீ இரும்போடு பிழைக்கிறவன். வண்டியில் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று எழுது.

உன் அக்காள்,
நாகம்மாள்

தங்கவயல்
2–7–38

அக்காவுக்கு வீரராகவன் நமஸ்காரம்.

எல்லோரும் சௌக்கியம். இருமல் அதுபாட்டுக்கு இருக்கிறது. இரண்டு வாரமாக ராத்திரி ஷிப்டு, பகலில் பிள்ளைகள் தூங்க விடுவதில்லை. நின்றுகொண்டே கண் சொக்குகிறது.

வண்டி ஓட்டப் போகிறாயா நீ? நம் அப்பாவின் கட்டைவண்டியை நீ ஓட்டி என்னைக் களத்தில் கவிழ்த்தது ஞாபகம் இருக்கிறதா? என் புருவத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பருத்திப்பட்டு ஜனங்களுக்கு ஒரு மாதத்துக்கு வாய்க்குத் தீனி.

சரி, பார்க்க வேண்டியதை எழுதுகிறேன். படி எவ்வளவு உயரம், ஏறும்போது எதையாவது பிடித்துக்கொள்ள முடியுமா? வில்லில் வெடிப்பு உண்டா? பள்ளத்தில் இறங்கினால் உடம்பு எவ்வளவு குலுங்குகிறது? சின்ன சந்தில் திரும்புமா? கூண்டு ஒழுகுமா? இறக்கத்தில் மாட்டின் பின்னங்காலில் வண்டி இடிக்கிறதா? ஒரு வாரம் ஓட்டிவிட்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி ஒன்று விடாமல் எழுது.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதே. இந்த வண்டி தைக்குள் சரிப்பட்டு வரவில்லையென்றால், வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடு. அங்கே யார் இருக்கிறார்கள் உனக்கு? இங்கே உனக்கு ஒரு அறை ஒதுக்கித் தருகிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் கொடுத்தனுப்பு.

வீரராகவன்

பருத்திப்பட்டு
24–7–38

தம்பிக்கு ஆசீர்வாதம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ தூக்கம் கெட்டு வேலை செய்யாதே, மிஷின் பக்கத்தில் கண் சொக்குவது விளையாட்டில்லை. கொல்லர் வீட்டுச் சம்பந்தி உங்கள் பக்கத்து மாரிக்குப்பத்துக்கு வருகிறார், ஊறுகாய் கொடுத்திருக்கிறேன்.

வண்டியைப் பத்து நாளாக ஓட்டுகிறேன். நீ கேட்டபடி ஒவ்வொன்றாக எழுதுகிறேன். படி முழங்காலுக்கும் கீழே, பிள்ளைகளுக்காகச் செய்ததால் தாழ்வாக இருக்கிறது, பக்கத்தில் பித்தளைப் பிடியும் உண்டு. இது ஒன்றுக்கே முதலியாருக்குக் கும்பிடு போடலாம். வில் நன்றாக இருக்கிறது. காடுவெட்டி தாண்டி ரஸ்தா எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், அங்கேகூட மடியில் வைத்த சிலேட்டுக் கட்டு நழுவவில்லை. பள்ளிக்கூடச் சந்தில் ஒரே மூச்சில் திரும்புகிறது. கூண்டு ஒரு மூலையில் ஒழுகுகிறது, தகரம் வைத்து அடைத்துவிட்டேன். இறக்கத்தில் இடிக்கவில்லை.

ஒரே ஒரு குறை. வண்டி இடது பக்கமாகவே போகிறது. கயிற்றை வலது பக்கம் இழுத்துப் பிடித்தால் பத்து அடி நேராக வரும். விட்டால் மறுபடி இடது ஓரம், புளியமரத்து வேர் மேலே சக்கரம் ஏறும். செந்நீர்க்குப்பத்துக்குப் பக்கத்தில் இரண்டு தடவை ஓரத்துக் கால்வாயில் இறங்கிவிட்டது. நாலு பேர் தூக்கிவிட்டார்கள். "டீச்சரம்மாவுக்குப் பள்ளத்து மேல இன்னா ஆசை" என்று ஒருத்தன் கேட்டான். நானும் சிரித்து வைத்தேன். அழுதால் மட்டும் நேராகவா போகப்போகிறது?

இந்த மாதக் கணக்கில் இரண்டு தாமதம். இன்னும் ஒன்று ஆனால் போச்சு.

நீ கேட்ட வார்த்தை: சரி. தைக்குள் வண்டி சரிப்படாவிட்டால் எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறேன். ஆனால் சரிப்படும்.

நாகம்மாள்

தங்கவயல்
6–8–38

அக்காவுக்கு அநேக நமஸ்காரம். இங்கே யாவரும் சுகம்.

இடது பக்கம் இழுக்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது ஒரு நோயா? இங்கே ஒர்க்ஷாப்பில் தள்ளுவண்டிகளில் தினம் பார்க்கிறேன். அச்சு வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். இல்லாவிட்டால் இடது சக்கரம் இறுகியிருக்கிறது.

ஒரு நூல் எடு. அச்சின் இந்த முனையிலிருந்து மாடு பூட்டுகிற ஏர்க்காலின் நுனி வரை அள. அந்த முனையிலிருந்தும் அதே மாதிரி அள. வித்தியாசம் வந்தால் அச்சு கோணல். பிறகு வண்டியை முட்டுக் கொடுத்துத் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிவிட்டு எது முதலில் நிற்கிறது என்று பார். கடையாணியைக் கழற்றி எண்ணெய் விடு. அப்புறம் இடது சக்கரத்தை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் மாற்றிப் போட்டுப் பார்.

இரும்பு பொய் சொல்லாது அக்கா. நாம்தான் சரியாகக் கேட்க வேண்டும்.

நல்ல பழம்புளி கிடைத்தால் அனுப்பு. இங்கே கிடைக்கிற புளி புளிக்கவே மாட்டேன் என்கிறது.

வீரராகவன்

பருத்திப்பட்டு
11–9–38

தம்பிக்கு அக்காள் எழுதுவது. நலம். அங்கே நலமா?

நூல் வைத்து அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு. சக்கரங்களைச் சுற்றினேன், இரண்டும் நன்றாகவே சுற்றுகின்றன. எண்ணெய் விட்டேன், என் புடவை முந்தானைக்கும் சேர்த்து. சக்கரத்தை மாற்றிப் போட்டேன். நம்பிக்கை இல்லாமல் கொல்லரைக் கூப்பிட்டு அச்சையே கழற்றிக் காட்டினேன். "யம்மா, இந்த அச்சுல ஒரு கொறையும் இல்ல" என்று சத்தியம் பண்ணுகிறார்.

வண்டி இடது பக்கம் போகிறது.

போன வாரம் கூவத்துத் தரைப்பாலத்தில் என்ன நடந்தது என்று எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மேலே பெய்த மழையில் தண்ணீர் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. நடுவில் போகும்போது வண்டி ஓரத்துக்குப் போய்விட்டது. கயிற்றை இழுத்து இழுத்து என் உள்ளங்கைத் தோல் வழண்டுபோனது. கீழே பார்த்தால் இடது சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் கல்தான் இருந்தது. எப்படி அக்கரை சேர்ந்தேன் என்று தெரியவில்லை. அன்றைக்கு முழுதும் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அதிலிருந்து பாலம் வந்தால் இறங்கி, மாட்டை முன்னால் பிடித்து நடத்திக்கொண்டு போகிறேன்.

போதும் போதும் என்று இருக்கிறது வீரா. காலையில் கண் விழிக்கும்போதே களைப்பாக இருக்கிறது.

அது கிடக்கட்டும். முந்தின கடிதத்தில் நார்த்தங்காய், போன கடிதத்தில் பழம்புளி. ராணிக்கு எத்தனையாவது மாதம்? எனக்கு ஒரு அறை ஒதுக்குகிறாய் என்றதும் கண்ணில் தண்ணீர் வந்தது. அது எனக்கு மட்டும் ஒதுக்குகிற அறையா, தொட்டிலும் சேர்த்தா?

நாகம்மாள்

தங்கவயல்
16–10–38

அக்காவுக்கு.

நலம். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. வேலை அதிகம் என்று எழுத உட்கார்ந்தேன். பொய். என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன்.

ராணிக்கு ஐந்தாம் மாதம். டாக்டரம்மா அதிகம் நடமாடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். முந்தின மூன்றும் ஓடிக்கொண்டிருக்கிற வயசு. நீ வந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு இருந்தது உண்மை. ஆனால் அதற்காக மட்டும் உன்னைக் கூப்பிடவில்லை. நீ நம்பினால் நம்பு.

வண்டி விஷயம். அச்சும் சக்கரமும் சரி என்றால் ரஸ்தாதான் இடது பக்கம் சரிந்திருக்க வேண்டும். நீ வலது ஓரமாக நகர்ந்து உட்கார். வலது பக்கம் ஒரு அரைமணங்குக் கல்லையும் வைத்துப் பார். அதற்கும் மசியாவிட்டால் முதலியார் வண்டியை முதலியாரிடமே தள்ளிவிட்டு வா. தரைப்பாலம் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பள்ளிக்கூட மணிக்காக நீ ஆற்றில் விழ வேண்டுமா?

வீரராகவன்

பருத்திப்பட்டு
13–11–38

தம்பிக்கு ஆசீர்வாதம். நலம்.

ராணியைக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்று சொல். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

கல் வைத்தேன். ஒரு பெண்பிள்ளையும் ஒரு பாறாங்கல்லும் ஒரே வண்டியில் போவதைப் பார்க்க செந்நீர்க்குப்பத்தில் கூட்டம். வண்டி இடது பக்கம்தான் போகிறது. இப்போது கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

நாள் தவறாமல் மழை. இந்த மாதமும் இரண்டு தாமதம் ஆகிவிட்டது. பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து ராஜிநாமாக் கடிதம் எழுதிவிட்டேன். முழுத்தாளில், நல்ல கையெழுத்தில், ஒரு அடித்தல்கூட இல்லாமல் வந்திருக்கிறது. தேதி மட்டும் போடவில்லை. ஆஜர்ப் பட்டியலுக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

வேம்புலியை ஞாபகம் இருக்கிறதா? நம் நிலத்தில் மாமாவோடு ஏர் ஓட்டியவன். மாமா போன பிறகு அம்பத்தூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டான். ஐப்பசி மழையில் சூளை நின்றதால் ஊருக்கு வந்திருக்கிறான். நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றான். கொல்லருக்கே தெரியாதது இவனுக்கு என்ன தெரியப்போகிறது? வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

நாகம்மாள்

பருத்திப்பட்டு
11–12–38

தம்பிக்கு. இது என் கடிதம் இல்லை. வேம்புலி சொல்கிறான், நான் எழுதுகிறேன். உனக்கு ஒரு கடிதாசி போட வேண்டும் என்று காசு கொடுத்துக் காகிதம் வாங்கி வந்திருக்கிறான். இந்த ஊரில் எழுதத் தெரிந்த ஆள் நான்தானாம். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். இனி வருவது அவன் பேச்சு.

சின்னையா, நான் வேம்புலி. நல்லா கீறேன். நீ எப்பிடி கீற? ஊட்ல அம்மா, புள்ளிங்க எல்லாம் சொகந்தானா?

இன்னாய்யா நீ, இம்மாம் படிச்சிகினு, நாலு மாசமா அச்சப் பாரு, ஆணியப் பாருன்னு எழுதிகினு கீற? ஒரு வாட்டியாச்சும் மாட்டப் பாருன்னு எழுதனியா? வண்டி எங்க இழுக்குது? மாடுதானே இழுக்குது!

செவல எடத்து மாடு. ஏர்லயும் சரி, வண்டிலயும் சரி, பெரியையா அத்த எடது பக்கந்தான் பூட்டுவாரு. மயில வலது பக்கம். எட்டு வருசம். இதே ரோட்ல, இதே இஸ்கூலுக்கு. எட்டு வருசமா அதுக்கு வலது பக்கத்துல ஒரு ஒடம்பு ஒரசிகினே வந்துது. இப்ப மயில இல்ல. இல்லன்னு அதுக்கு யாரு சொன்னாங்க? அது பாட்டுக்கு மயிலைக்கு எடம் உட்டுகினு ஓரமா போவுது. கயிற வலிச்சா, மயில மேல மோதிடுவோமேன்னு பயந்துகினு இன்னும் தள்ளிப் போவுது. இதான் விசயம். பூட்டி ஓட்டிப் பாத்த அன்னிக்கே எனுக்குத் தெரிஞ்சு போச்சு. அம்மா எட்டு வருசம் பின்னாடி குந்திகினு சிலேட்டத்தான் பாத்துகினு போச்சு, முன்னாடி எந்த மாடு எந்தப் பக்கம்னு ஒரு நாளும் பாக்கல.

(உண்மைதான். நான் பார்க்கவில்லை. மாட்டையும் பார்க்கவில்லை, ஓட்டினவர் முதுகையும் பார்க்கவில்லை. – நா.)

இதுக்கு வைத்தியம் கீது. வலது பக்கமா ஒரு ஆளு கூடவே நடக்கணும். தோள் மேல கைய வச்சிகினு. கொஞ்ச நாளு போனா ஒரு அடி தள்ளி நடக்கணும். அப்புறம் ரெண்டு அடி. அப்புறம் கொஞ்சம் பின்னால. ரெண்டு மாசம் ஆவும். அப்புறம் வண்டில ஏறிக் குந்திக்கலாம், அதுக்குத் தெரியாது. மொத மூணு நாளு நான் நடந்தேன். வண்டி கோடு கிழிச்சாப்பல நேராப் போச்சு. அதுக்குள்ள சூளையில மறுபடியும் கூப்ட்டாங்க. போவலன்னா பேர எடுத்துடுவாங்க. நான் வேலைய உட்டுட்டு வரேன்னேன். அம்மா ஒத்துக்கல. நானே நடக்கறேன்னுச்சு.

இன்னியோட இருவத்தி நாலு நாளு ஆவுது. காலீல ஆறு மணிக்கே பூட்டிகினு, வெறும் வண்டி பின்னால வர, மாட்டு மேல கைய வச்சிகினு நாலு மைலு நடக்குது. சாயந்தரம் நாலு மைலு. நடு ரோட்ல நடக்கறதால பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சிகினே போறான். வண்டிய வச்சிகினு நடக்குது பாரு பைத்தியம்னு ஊர்ல சிரிக்கிறானுங்க. ஒருத்தன நான் அடிக்கப் போயிட்டேன்.

சின்னையா, அம்மாவுக்கு வலது முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கிகீது.

(இதை எழுத மாட்டேன் என்றேன். எழுதினேன் என்று பொய் சொல்லி மேலே போனேன். முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னான். படித்தேன். "முட்டின்ற வார்த்தையே வர்லியே" என்று பிடித்துவிட்டான். எழுதாவிட்டால் கைநாட்டு வைக்க மாட்டானாம். எழுதியிருக்கிறேன். – நா.)

ரெண்டு வருசமா வீங்கிகீது. புடவைல சேறுன்னு ஒனக்கு எழுதிச்சாம். சேறாம் சேறு! ராத்திரில காலத் தூக்கி நீட்ட முடியாம குந்திகினே தூங்குதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், ஒனக்கு மட்டும் தெரியாது. நலம் நலம்னு எழுதுது இல்ல, அத்தெல்லாம் நம்பாத. பெரியையா உயிரோட இருந்தா நான் ஏன் ஒனக்கு எழுதப் போறேன். அவரு இல்ல, நீதான் கீற. வந்து பாரு.

இப்பிடிக்கி வேம்புலி. கைநாட்டு.

(மேலே உள்ள ரேகை அவனுடையது. சொன்னதில் ஒன்றும் விடவில்லை. நீ வர வேண்டாம், ராணிக்கு இது ஏழாம் மாதம். – நா.)

தங்கவயல்
27–12–38

அக்கா,

நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை.

வேம்புலியின் கடிதத்தை ராணிக்குப் படித்துக் காட்டினேன். முட்டி என்ற இடம் வந்ததும் என்னால் முடியவில்லை, அவளே வாங்கிப் படித்தாள்.

இரண்டு வருஷமாக நான் ஊர்ப்பக்கம் வராததற்கு லீவு இல்லை, ஷிப்டு, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று ஏதேதோ எழுதியிருக்கிறேன். லீவு இருந்தது. மாமாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேனே, அன்றைக்குக் கொட்டிலில் இரண்டு மாடும் நின்றன, பக்கத்தில் அவர் தார்க்குச்சி சாத்தியிருந்தது. என்னை ஆவடி ஸ்டேஷனில் வந்து கூட்டிப்போக அவர் இல்லாமல் அந்த ஊரில் கால் வைக்க எனக்குப் பயமாக இருந்தது. உன் முகத்தைப் பார்க்க அதைவிடப் பயம். நீ அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். நீ எல்லோருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரிந்தது இரும்பு ஒன்றுதான். அதைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தால் வேறு எதுவும் எழுத வேண்டாம் பார்.

உன்னை இங்கே வா என்று இனி நான் கேட்க மாட்டேன். ராணியின் அம்மா தை பிறந்ததும் வந்து பிரசவம் வரை இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்கு நான் வருகிறேன். ஒரு வாரம் லீவு போட்டாயிற்று. நான் அங்கே இருக்கிற நாட்களில் நானே மாட்டோடு நடக்கிறேன். நீ வண்டியில் ஏறி உட்கார். மறுபேச்சு பேசக் கூடாது.

ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். வழி தெரியும்.

வீரா

பருத்திப்பட்டு
22–1–39

தம்பிக்கும் ராணிக்கும் ஆசீர்வாதம்.

நான் அவ்வளவு நலமில்லை. முழங்கால் வலிக்கிறது. நீ வாங்கிவைத்துவிட்டுப் போன தைலத்தைத் தேய்க்கிறேன், நாற்றம் தாங்கவில்லை, மூன்றாம் வகுப்புப் பெண்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள். சொல்லிவிட்டேன், போதுமா?

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? செருப்பு தேய்ந்துபோனது என்று முனகிக்கொண்டே போனாயே, புதிது வாங்கினாயா? மாட்டுப் பொங்கலுக்கு நீ செவலையின் கொம்புக்கு அடித்த நீல வர்ணம் இன்னும் போகவில்லை. என் எல்லா ரவிக்கையிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

நீ மாட்டோடு நடந்து, நான் பின்னால் உட்கார்ந்து போன அந்த நாலு நாளும் நான் சிலேட்டு திருத்தவில்லை. உன் முதுகையும் மாட்டின் முதுகையும் பார்த்துக்கொண்டே வந்தேன். உன் மாமா இப்படித்தான் முன்னால் உட்கார்ந்திருந்திருப்பார். காடுவெட்டி திருப்பத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய்விட்டே அழுதேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டிருக்கும், எனக்குத் தெரியும். பார்க்காமல் நடந்தாயே, அதற்காக உனக்கு நன்றி.

நீ ரயிலேறின மறுநாள் செவலையைப் பூட்டினேன். பக்கத்தில் நடக்க யாரும் இல்லை. ஏறி உட்கார்ந்து கயிற்றைத் தளர்த்திப் பிடித்தேன், வேம்புலி சொன்னதை நினைத்து நான் இழுக்கவே இல்லை. நேராகப் போனது. செந்நீர்க்குப்பம் வந்தது, நேராகப் போனது. அந்தப் பஸ் வந்தது, ஆரன் அடிக்கவே அவனுக்கு வேலையில்லை. தரைப்பாலம் வந்தது, இந்தத் தடவை நான் இறங்கவில்லை. நடுப்பாலத்தில் செவலை நின்றது. வலது பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தது. நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் "போலாம்டா" என்றேன். பாலத்து நடுவிலேயே நேராக நடந்தது.

மணி அடிக்க அரைமணி நேரம் இருந்தது. பெருக்குகிற ஆயாகூட வரவில்லை. வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் முதலியார் மண்டிக்குப் போனேன். "இன்னா டீச்சரம்மா, தை பொறந்தாச்சு, வண்டி எப்பிடி?" என்றார். நல்ல வண்டி, படி தாழ்வு, வில் சுகம், சந்தில் திரும்புகிறது, மழைக்கு ஒழுகின மூலையையும் அடைத்துவிட்டேன், ஒரு குறையும் இல்லை, வைத்துக்கொள்கிறேன் என்றேன். "இடது பக்கம் இழுக்குதுன்னு ஊரே சொல்லிச்சே?" என்றார். அது வண்டி இல்லை என்றேன்.

வேம்புலிக்கு ஒரு வேட்டி எடுத்திருக்கிறேன். சித்திரை லீவுக்கு அங்கே வந்து குழந்தையை ஒரு மாதம் நானே குளிப்பாட்டுகிறேன். பள்ளிக்கூடம் திறக்கிறதற்கு முன்னால் என்னை ரயிலேற்றிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

வீட்டில் வேறு காகிதம் இல்லை. ஆஜர்ப் பட்டியலில் மடித்து வைத்திருந்ததை எடுத்து அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன். முன்பக்கத்தை நீ படிக்க வேண்டியதில்லை. கையெழுத்து நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்.

அக்காள்,
நாகம்மாள்